வாயுக் கணக்குகளில் எந்தக் காற்று, எந்தப் பூஜ்ஜியம்?

"2 லிட்டர் கொள்ளளவு உள்ள சைக்கிள் டியூபில் வெளிக்காற்றின் அழுத்தத்திலேயே காற்று இருக்கிறது. ஓர் அடிக்கு 200 மி.லி. வெளிக்காற்றை உள்ளே தள்ளும் கைப்பம்பு ஒன்று உள்ளது. டியூபின் அழுத்தம் வெளி அழுத்தத்தைப் போல 3 மடங்காக வேண்டுமானால் எத்தனை முறை அடிக்க வேண்டும்?"

பத்தாம் வகுப்பில் பாயில் விதியை நடத்தி முடித்த மறுநாள் இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். முதல் அழுத்தம் 1, முதல் பருமன் 2, இறுதி அழுத்தம் 3 என்று பிரதியிட்டு, இறுதிப் பருமன் 0.67 லிட்டர் என்று விடை எழுதி, அதற்கு இரண்டு அடிக்கோடும் போட்டுக் காட்டும் மாணவர்கள் எந்த வகுப்பிலும் இருப்பார்கள். சூத்திரம் சரி, பிரதியிட்டது சரி, வகுத்ததும் சரி. ஆனால் அந்த விடையின்படி, காற்று அடிக்க அடிக்க டியூப் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிப்போகிறது! பஞ்சர் கடை வாசலில் ஐந்து நிமிடம் நின்ற எந்தப் பிள்ளையும் இதை நம்பாது. நோட்டில் எழுதும்போது மட்டும் நம்பிவிடுகிறது.

இந்த இடைவெளியைப் பற்றித்தான் சக ஆசிரியர்களோடு பேச விரும்புகிறேன். வாயு விதிகளில் நம் மாணவர்களுக்கு வரையறை தெரியும், நல்லியல்பு வாயுச் சமன்பாட்டின் வருவித்தலும் மனப்பாடமாக வரும். வாக்கியக் கணக்கு வந்தால்தான் தடுமாறுகிறார்கள். பெருக்கல், வகுத்தலில் அவர்களுக்குச் சிக்கல் இல்லை. வாக்கியம் எந்தக் காற்றைப் பற்றிப் பேசுகிறது, எண்கள் எந்தப் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணப்பட்டவை என்ற இரண்டு கேள்விகளைக் கேட்காமல் சூத்திரத்துக்குள் நுழைந்துவிடுவதுதான் சிக்கல். "கொடுக்கப்பட்டவை, சூத்திரம், பிரதியிட" என்று நாம் பழக்கியிருக்கும் வரிசை நல்ல வரிசைதான். ஆனால் அது கொஞ்சம் தாமதமாகத் தொடங்குகிறது என்பது என் கருத்து.

முதலில் சொல்லைப் பார்ப்போம்

அறிவியல் புத்தகத்தில் 'பருமன்' என்கிறோம். கணக்குப் புத்தகத்தில் உருளைக்கும் கூம்புக்கும் 'கன அளவு' என்கிறோம். இரண்டும் ஒன்றுதான் என்று பெரும்பாலும் நாம் வாய்விட்டுச் சொல்வதில்லை. வீட்டுப் பேச்சில் பருமன் என்றால் உடல் பருமன், அதாவது குண்டாக இருப்பது. "பருமன் பாதியாகிறது" என்ற வரியைப் படித்ததும் ஒரு பிள்ளையின் மனதில் என்ன படம் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டோடு சேரும்வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். இன்றும் எங்கள் பக்கத்து வகுப்பறைகளில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் உண்டு. தெலுங்கில் பருமனுக்கு 'கனபரிமாணம்', அழுத்தத்துக்குப் 'பீடனம்'. 'கன அளவு' என்று ஒருமுறை சொன்னால் அந்தப் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபட்டுவிடுகிறது. ஆகவே கரும்பலகையின் ஓரத்தில் "பருமன் = கன அளவு = அடைத்துக்கொள்ளும் இடம்" என்று எழுதி, பாடம் முடியும்வரை அழிக்காமல் வைத்துவிடலாம். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

கூடுமா, குறையுமா?

ஏழாம் வகுப்புக் கணக்கில் எதிர் விகிதம் வருகிறது. பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டுப் பக்கம் விசைத்தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளிடம், "20 தறியில் 6 நாளில் முடியும் வேலை 30 தறியில் எத்தனை நாளில் முடியும்?" என்று கேட்டால் பேனாவை எடுக்கும் முன்பே "நாள் குறையும் மிஸ்" என்பார்கள். பிறகுதான் 6-ஐ 20/30 ஆல் பெருக்கி 4 என்பார்கள். குறைய வேண்டும் என்பது முதலிலேயே தெரிந்துவிட்டதால் 30/20 என்று தலைகீழாகப் போடுவதற்கு வாய்ப்பே இல்லை.

வாயுக் கணக்கிலும் இதே வாய்மொழியைக் கேட்கலாம். ஒரு வாயுவின் பருமன் 600 மி.லி., அழுத்தம் 1 வளிமண்டலம். வெப்பநிலை மாறாமல் அதை 400 மி.லி.க்கு அமுக்கினால் அழுத்தம் என்ன? "இடம் குறைந்தால் அழுத்தம்?" "கூடும்." "அப்படியென்றால் 600/400-ஆ, 400/600-ஆ?" விடை 1.5 வளிமண்டலம். சூத்திரத்தை எழுதவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கூடுமா குறையுமா என்று எழுதிய பிறகு சூத்திரத்தை எழுதட்டும். அப்போது விடை தவறாக வந்தால் மாணவருக்கே தெரிந்துவிடும்.

மளிகைக் கடை எடைக்கல்லால் வளிமண்டலத்தை நிறுக்கலாம்

'எந்தப் பூஜ்ஜியம்' என்ற கேள்விக்கு வருவோம். இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம், செய்து காட்டுவது எளிது. தேவையானவை ஊசி இல்லாத புதிய 20 மி.லி. சிரிஞ்ச் ஒன்று, ஒரு கிலோ எடைக்கற்கள் மூன்று, கொஞ்சம் எம்-சீல். தண்டை 20 மி.லி. கோட்டில் வைத்து முனையை அடைத்துவிட வேண்டும். சிரிஞ்சைச் செங்குத்தாக நிறுத்தி, ஒருவர் பிடித்துக்கொள்ள, தண்டின் தலையில் எடைக்கற்களை ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். கல் சரியாமல் இருக்க இன்னொருவர் பக்கத்தில் கை வைத்துக்கொள்ளட்டும், ஆனால் அழுத்தக் கூடாது.

இத்தகைய சிரிஞ்சின் உள்விட்டம் சுமார் 2 செ.மீ. குறுக்குப் பரப்பு 3 சதுர செ.மீ.க்குச் சற்று அதிகம். கணக்குக்கு 3 என்றே வைத்துக்கொண்டால், 1 கிலோ வைத்ததும் காற்று 15 மி.லி.க்கும், 2 கிலோவில் 12 மி.லி.க்கும், 3 கிலோவில் 10 மி.லி.க்கும் வர வேண்டும். ரப்பர் உராய்வு இருப்பதால் தண்டு ஒன்றிரண்டு மி.லி. முன்னே பின்னே நிற்கும். ஒருமுறை தண்டைச் சற்றுக் கீழே அமுக்கிவிட்டும், இன்னொரு முறை மேலே இழுத்துவிட்டும் அளவெடுத்துச் சராசரி கண்டால் உராய்வின் பிழை பெருமளவு நீங்கிவிடும்.

இப்போது கேள்வி: எடை 1 கிலோவிலிருந்து 2 கிலோ ஆனது, அதாவது இருமடங்கு. பாயில் விதிப்படி பருமன் பாதியாகி 7.5 ஆக வேண்டாமா? ஏன் 12-இல் நிற்கிறது? பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். 1 × 15 = 15, 2 × 12 = 24, 3 × 10 = 30. மாறிலி எங்கே?

வகுப்பைக் கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவிடுவது நல்லது. யாராவது ஒருவர், "கல்லே வைக்காதபோதும் 20 மி.லி. தானே இருந்தது, அப்போ அழுத்தம் பூஜ்ஜியமா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும். கல் வைக்காதபோதும் தண்டின்மேல் ஒரு சுமை இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சுமையை ஒரு தெரியாத எண்ணாக வைத்துக்கொண்டு, எட்டாம் வகுப்பு ஒரு மாறிச் சமன்பாடாக எழுதலாம். தெரியாத எடையோடு 1-ஐக் கூட்டி 15-ஆல் பெருக்கினாலும், அதே எடையோடு 2-ஐக் கூட்டி 12-ஆல் பெருக்கினாலும் ஒரே எண் வர வேண்டும். 15 மடங்கு தெரியாத எடையும் 15-ம் சேர்ந்தது, 12 மடங்கு தெரியாத எடையும் 24-ம் சேர்ந்ததற்குச் சமம். ஆகவே 3 மடங்கு தெரியாத எடை 9, தெரியாத எடை 3 கிலோ. அதாவது, நாம் கல் வைக்கும் முன்பே வளிமண்டலம் மூன்று கிலோ கல்லை அங்கே வைத்துவிட்டிருக்கிறது. 3 சதுர செ.மீ.க்கு 3 கிலோ என்றால் ஒரு சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ. பாடப்புத்தகத்தில் வரும் வளிமண்டல அழுத்தமும் ஏறத்தாழ இதுதான்.

இனி மறுபடியும் பெருக்கிப் பார்க்கலாம். 3 × 20, 4 × 15, 5 × 12, 6 × 10. எல்லாமே 60.

1662-இல் பாயில் செய்ததும் இந்தக் கூட்டலைத்தான்

ராபர்ட் பாயில் 1662-இல் வெளியிட்ட அட்டவணையை வகுப்பில் பயன்படுத்த நாம் ஏனோ மறந்துவிடுகிறோம். அவர் எடுத்துக்கொண்டது ஆங்கில எழுத்து 'ஜே' போல வளைந்த கண்ணாடிக் குழாய். குட்டைக் கை மூடியது, நெட்டைக் கை திறந்தது. குட்டைக் கையில் 12 அங்குல நீளத்துக்குக் காற்று. அதைக் கால் அங்குலம் வீதம் 48 பாகங்களாகக் குறித்துக்கொண்டார். நெட்டைக் கையில் பாதரசம் ஊற்ற ஊற்றக் காற்று சுருங்கும். அவர் தந்த அளவுகளில் சிலவற்றைத் தசமத்துக்கு மாற்றித் தருகிறேன். முதல் எண் காற்றின் பாகங்கள், இரண்டாவது கூடுதலாக நின்ற பாதரசத்தின் உயரம் அங்குலத்தில்.

48 – 0
40 – 6.19
32 – 15.06
24 – 29.69
12 – 88.44

இந்த இரண்டையும் அப்படியே பெருக்கினால் 0, 248, 482, 713, 1061 என்று வரும். ஒரு விதியும் தென்படாது. பாயில் ஒவ்வொரு உயரத்தோடும் அன்றைய வளிமண்டல அழுத்தத்தை, அதாவது 29.125 அங்குலப் பாதரசத்தை, கூட்டிக்கொண்டார். கூட்டியபின் பெருக்கினால் 1398, 1412, 1414, 1411, 1411. முந்நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன் கையால் ஊதிய குழாயில், அங்குலத்தைப் பதினாறு பாகமாக்கி அளந்த அளவுகள் இவை! மாணவர்களே கூட்டிப் பெருக்கி இந்த மாறிலியைக் காணட்டும். 48-க்கு நேரான எண் மட்டும் ஏன் சற்றுக் குறைவு என்று கேட்டால், அளவீட்டுப் பிழை பற்றிய பேச்சும் தானாக வந்துவிடும். பிரான்சில் மரியோட் 1676-இல் இதே விதியைத் தனியாக எழுதினார் என்பதையும் ஒரு வரியில் சொல்லி வைக்கலாம்.

டயரும் வெயிலும்

கோடையில் வெயில் அதிகம் பதிவான ஊர்களின் பட்டியல் செய்தியில் வரும்போது திருத்தணியின் பெயரும் அதில் அடிக்கடி இருக்கும். ஆகவே இந்தக் கணக்கு எங்கள் பிள்ளைகளுக்குச் சொந்தக் கணக்கு. காலையில் 27 டிகிரி செல்சியஸில் பைக் டயரில் காற்று பார்த்தபோது மானி 30 காட்டியது, அதாவது சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு. மதியம் தார்ச்சாலையில் ஓடி வந்தபின் டயருக்குள் 57 டிகிரி. டயரின் பருமன் மாறவில்லை என்று கொண்டால் மானி என்ன காட்டும்?

இதற்கு மூன்று விதமான விடைகள் வரும். செல்சியஸை அப்படியே போட்டவர் 30 × 57/27 என்று செய்து 63 என்பார். அவ்வளவு ஏறுமானால் மே மாதத்தில் ஊரில் ஒரு டயர்கூட மிஞ்சாது. செல்சியஸோடு 273-ஐக் கூட்டி 300, 330 கெல்வின் என்று மாற்றியவர் 30 × 330/300 = 33 என்பார். இவருக்குப் பாதிக் கிணறு தாண்டிய நிலை. வெப்பநிலைக்குச் சரியான பூஜ்ஜியத்தைப் பிடித்துவிட்டார், அழுத்தத்துக்குப் பிடிக்கவில்லை. டயர் மானி பூஜ்ஜியம் காட்டும்போது டயருக்குள் வெற்றிடம் இல்லை, வெளிக்காற்றின் அழுத்தம் இருக்கிறது. அது சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு. ஆகவே உண்மை அழுத்தம் 45. 45 × 330/300 = 49.5. அதிலிருந்து 15-ஐக் கழித்தால் மானி காட்டுவது 34.5.

கெல்வினுக்கு மாற்ற வேண்டும் என்பதை நாம் வலியுறுத்திச் சொல்கிறோம், தேர்வுத்தாளிலும் பார்க்கிறோம். மானி அழுத்தத்தோடு வளிமண்டலத்தைக் கூட்ட வேண்டும் என்பதை அந்த அளவுக்குச் சொல்வதில்லை. இரண்டும் ஒரே காரணத்துக்காகச் செய்யும் கூட்டல்தான். உறைநிலையில் பூஜ்ஜியம் வைத்தது செல்சியஸ், வெளிக்காற்றில் பூஜ்ஜியம் வைத்தது டயர் மானி. 'இத்தனை மடங்கு' என்று பேச வேண்டுமானால் எதுவுமே இல்லாத நிலையிலிருந்து எண்ணத் தொடங்க வேண்டும்.

எந்தக் காற்று?

இனி முதலில் தந்த பம்புக் கணக்கை எடுத்துக்கொள்வோம். பாயில் விதி ஒரு குறிப்பிட்ட நிறையுள்ள வாயுவுக்கு உரியது. டியூபில் முதலில் இருந்த காற்றும் கடைசியில் இருக்கும் காற்றும் ஒன்றல்ல. எனவே முடிவில் டியூபுக்குள் இருக்கும் முழுக் காற்றையும் நினைத்துக்கொண்டு, அது அடிப்பதற்கு முன் எங்கே இருந்தது என்று கேட்க வேண்டும். 2 லிட்டர் டியூபில், மீதி வெளியில். முடிவில் 3 வளிமண்டல அழுத்தத்தில் 2 லிட்டர். அதே காற்று 1 வளிமண்டலத்தில் 6 லிட்டர் இடத்தை அடைத்திருக்கும். அதில் 2 லிட்டர் ஏற்கெனவே உள்ளே. வெளியிலிருந்து வர வேண்டியது 4 லிட்டர். 4000-ஐ 200-ஆல் வகுத்தால் 20 முறை. அடிக்கும்போது பம்பு சூடாவதையும் சிறு கசிவையும் இங்கே கணக்கில் எடுக்கவில்லை என்பதை மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

2021 மே மாதத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் பற்றிப் பேசாத வீடு இல்லை. "இது எத்தனை மணி நேரம் வரும்?" என்று அன்று பலர் தவித்த கேள்வி ஒரு பாயில் விதிக் கணக்குதான். மருத்துவமனைகளில் பார்க்கும் உயரமான 'டி' வகைச் சிலிண்டரின் உள் கொள்ளளவு 46.7 லிட்டர். நிரப்பியதும் மானி ஏறத்தாழ 150 வளிமண்டலம் காட்டும். உண்மை அழுத்தம் 151. உள்ளே இருக்கும் வாயு 1 வளிமண்டலத்துக்கு விரிந்தால் 46.7 × 151 = 7052 லிட்டர். ஆனால் சிலிண்டருக்குள்ளும் வெளியிலும் அழுத்தம் சமமானதும் ஓட்டம் நின்றுவிடும். 46.7 லிட்டர் உள்ளேயே தங்கிவிடும். வெளிவருவது சுமார் 7005 லிட்டர். இதைத்தான் '7 கன மீட்டர் சிலிண்டர்' என்கிறார்கள். நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் கொடுத்தால் 700 நிமிடம், அதாவது 11 மணி 40 நிமிடம். மானி 75-க்கு இறங்கியிருந்தால் அதில் பாதி, 5 மணி 50 நிமிடம். நடைமுறையில் கடைசிவரை விடாமல் முன்பே மாற்றிவிடுவார்கள். இதில் ஒரு நுட்பத்தையும் மாணவர்கள் கவனிக்கட்டும். 1-ஐக் கூட்டி, பிறகு உள்ளே தங்குவதைக் கழித்ததால், 46.7 × 150 என்று மானி எண்ணை நேராகப் பெருக்கினாலே விடை வந்துவிடுகிறது. கேட்டது 'எவ்வளவு வெளிவரும்' என்பதால்தான் அப்படி. 'உள்ளே எவ்வளவு இருக்கிறது' என்று கேட்டால் வராது. வாக்கியத்தின் கடைசிச் சொல்வரை படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் வீட்டுச் சமையல் சிலிண்டரைப் பற்றிய கேள்வி கட்டாயம் வரும். 14.2 கிலோ சிலிண்டரில் இருப்பது பெரும்பாலும் திரவம். திரவம் மிச்சம் இருக்கும்வரை, வெளியேறிய வாயுவுக்கு ஈடாகத் திரவம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அதனால் வெப்பநிலை மாறாதவரை அழுத்தமும் ஏறக்குறைய மாறாது. அழுத்தம் பாதியானால் எரிவாயு பாதி தீர்ந்தது என்று அங்கே சொல்ல முடியாது. எடை போட்டு, சிலிண்டரின் மேல் பொறித்திருக்கும் வெற்று எடையைக் கழிப்பதுதான் வழி. விதி எங்கே பொருந்தாது என்று காட்டும் ஒரு கணக்காவது ஒவ்வொரு பாடத்திலும் இருப்பது நல்லது.

மதிப்பிடும்போது

வகுப்புத் தேர்வில் இத்தகைய கணக்குக்கு 4 மதிப்பெண் என்றால், 'எந்தக் காற்று, எது மாறவில்லை' என்று ஒரு வரி எழுதியதற்கு 1, கூடுமா குறையுமா என்று சொன்னதற்கு 1, மீதி 2 சூத்திரத்துக்கும் விடைக்கும் எனப் பிரிக்கலாம். மெல்லக் கற்கும் மாணவர்களும் முதல் இரண்டைப் பெற்றுவிடுவார்கள். தொடக்கநிலை வகுப்புகளில் எண்ணே வேண்டாம். முனையை விரலால் அடைத்த சிரிஞ்சை அமுக்கி, "விடும்போது என்ன ஆகிறது?" என்று சொல்லவைத்தால் போதும்.

வகுப்பில் கொடுக்க இன்னும் இரண்டு கணக்குகள்.

20 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் உள்ள விவசாயக் கிணற்றின் அடியிலிருந்து 4 மி.லி. காற்றுக்குமிழ் ஒன்று மேலே வருகிறது. ஒவ்வொரு 10 மீட்டர் தண்ணீரும் சுமார் 1 வளிமண்டல அழுத்தம் தரும். வெப்பநிலை மாறவில்லை எனில் மேற்பரப்பில் குமிழின் பருமன் என்ன? அடியில் அழுத்தம் 2 + 1 = 3. மேலே 1. விடை 12 மி.லி. வளிமண்டலத்தைக் கூட்ட மறந்தவர் மேற்பரப்பில் அழுத்தம் பூஜ்ஜியம் என்று எழுதி, பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாமல் நிற்பார். அங்கே நாம் திருத்தத் தேவையில்லை, கணக்கே அவரைத் திருத்திவிடும்.

காற்று அடைத்த சிப்ஸ் பாக்கெட்டைத் திருத்தணி மலைப் படி 365-ம் ஏறிக் கொண்டுபோனால் உப்புமா? ஊட்டிக்குக் கொண்டுபோனால்? நூறு மீட்டர் ஏறினால் அழுத்தம் நூற்றில் ஒரு பங்கு அளவுதான் குறைகிறது, ஆகவே நம் மலையில் கண்ணுக்குத் தெரியாது. ஊட்டி 2240 மீட்டர் உயரம். அங்கே அழுத்தம் சமவெளியில் இருப்பதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு. தடையின்றி விரிய இடமிருந்தால் உள்ளே இருக்கும் 300 மி.லி. காற்று 400 மி.லி. ஆக முயலும். ஊட்டிக் குளிரில் அது எவ்வளவு குறையும் என்பதைச் சார்லஸ் விதி நடத்திய பிறகு அதே பாக்கெட்டை வைத்துக் கேட்டுக்கொள்ளலாம். சமவெளியில் 32 டிகிரி, ஊட்டியில் 15 டிகிரி என்றால் 400 × 288/305, சுமார் 378 மி.லி.